வண்டி நின்றால் நாமும் நிற்க வேண்டுமா?

(குன்னம் பகுதி மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் குழுவில் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)



சேமிப்பு, கடன் வசூல், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இனி அரை மணி நேரம் நான் பேசப் போவது வாசலில் நிற்கும் நம் வண்டிகளைப் பற்றி. உள்ளே வரும்போது எண்ணிப் பார்த்தேன். பதினோரு வண்டி நிற்கிறது. ஸ்கூட்டர் ஏழு, எக்ஸ்.எல். மூன்று, பைக் ஒன்று. ஒரு காலத்தில் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும் என்று கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவோம் என்று மூத்த அக்காமார்கள் சொல்வார்கள். இன்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இது பெரிய மாற்றம்.

சரி, ஒரு கேள்வி. உங்க வண்டியில ஃபியூஸ் எங்க இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்க பார்ப்போம்.

ஒரு கையும் எழவில்லை. வெட்கப்பட வேண்டாம். எட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், எம்.எஸ்.டபிள்யூ. படித்திருக்கிறேன், போன ஐப்பசி வரைக்கும் எனக்கும் தெரியாது.

நான் பட்ட பாடு

ஐப்பசி மாதம் ஒரு குழுக் கூட்டம் முடிந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். மணி ஆறரை இருக்கும். மழை விட்டு இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். வண்டி பொக்கென்று நின்றுவிட்டது. லைட் இல்லை, ஹாரன் இல்லை, செல்ஃப் பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை. அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. இருட்டில் லைட் இல்லாத வண்டியோடு ரோட்டோரம் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பைக்கில் வந்த இரண்டு பேர் நிறுத்தினார்கள். உதவி செய்யத்தான் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் என் மனசு அடித்துக்கொண்டது. "வீட்டுக்காரர் வந்துகிட்டே இருக்கார்" என்று பொய் சொல்லி அனுப்பினேன். பிறகு போன் பண்ணி ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். மறுநாள் 650 ரூபாய் கேட்டார். "ஒயரிங் கம்ப்ளைண்ட் மேடம், சரி பண்ணியாச்சு" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, வேறு வேலையாக வண்டியின் மூடியைக் கழற்றியபோது, உள்ளே ஒரு ஓரத்தில் கருகிப்போன சின்ன ஃபியூஸ் ஒன்று கிடந்தது. அதற்குரிய இடத்தில் புது ஃபியூஸ் இருந்தது. ஒயர் எதையும் யாரும் தொட்ட அடையாளம் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அந்த ஃபியூஸைக் காட்டி விலை கேட்டேன். பத்து ரூபாய்.

எல்லா மெக்கானிக்கும் அப்படி இல்லை. நேர்மையாக வேலை பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் நமக்குத் தெரியாத விஷயத்துக்கு அடுத்தவர் சொல்வதுதான் விலை. உள்கடனில் வட்டிக் கணக்கு தெரியாத காலத்தில் நாம் கந்து வட்டிக்காரரிடம் ஏமாந்ததும் இப்படித்தான்.

பால் ஊற்றும் அக்காவுக்கு நடந்தது

நம் உறுப்பினர் ஒருவர், பேர் சொல்ல வேண்டாம் என்றார், காலையும் மாலையும் வண்டியில் கேன் வைத்துக்கொண்டு போய்ப் பால் ஊற்றுகிறார். குழுக் கடனில் வாங்கிய மாடு, குழுக் கடனில் வாங்கிய வண்டி. வீட்டுக்காரர் வெளிநாட்டில். ஒரு நாள் காலை வண்டி உயிரே இல்லாமல் நின்றது. அவரிடம் வண்டி பார்த்துக் கொடுக்க ஆள் இல்லை. நாலு நாள், எட்டு வேளை, கேனை இடுப்பில் வைத்து நடந்தார். இரண்டு வேளை நேரத்துக்குப் போய்ச் சேராததால் பாலைத் திருப்பி எடுத்து வந்தார்.

ஐந்தாவது நாள் சொந்தக்காரப் பையன் ஒருவன் வந்து பார்த்தான். ஃபியூஸ் போயிருந்தது. மாற்று ஃபியூஸ் இல்லை என்று சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சுற்றி வைத்தான். வண்டி ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வாரம் கழித்து, சின்ன மகளை முன்னால் நிற்க வைத்து ஓட்டிக்கொண்டு போகும்போது சீட்டுக்கு அடியில் புகை வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினார். நல்ல வேளை, தீ பிடிக்கவில்லை. ஒயர் எல்லாம் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தது. பெட்ரோல் டேங்க் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

என் கதையில் போனது 650 ரூபாய். அந்த அக்கா கதையில் ஒரு பிள்ளையே போயிருக்கலாம். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

ஃபியூஸ் என்ன வேலை செய்கிறது?

வீட்டு மீட்டர் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் கட்டையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே வேலைதான். பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் ஒரு மெல்லிய உலோகத் துண்டு வழியாகப் போகிறது. எங்காவது ஒயர் தோல் உரிந்து வண்டியின் இரும்பில் பட்டால், தேவைக்கு மேல் கரண்ட் பாயும். அப்போது இந்த மெல்லிய துண்டு முதலில் உருகி அறுந்துவிடும். கரண்ட் நின்றுவிடும். ஒயரும் பேட்டரியும் தப்பிக்கும்.

நம்ம ஊர் ஏரியில் கலிங்கு எதற்கு இருக்கிறது? தண்ணீர் அளவுக்கு மேல் வந்தால் அது வழியாகப் போய்விடும், கரை உடையாது. கலிங்கை யாராவது கல் வைத்து அடைத்தால் என்ன ஆகும்? கரை உடைந்து ஊருக்குள் வரும். ஃபியூஸில் கம்பியோ வெள்ளித் தாளோ சுற்றுவது கலிங்கை அடைப்பது மாதிரி. ஃபியூஸ் போக வேண்டிய இடத்தில் ஒயர் உருகும்.

ஃபியூஸைத் தேடுவதற்கு முன்னால்

வண்டி நின்றவுடன் ஃபியூஸ்தான் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் இதெல்லாம் பாருங்கள்.

பெட்ரோல் இருக்கிறதா? கைப்பிடியில் சிவப்பாக ஒரு இஞ்சின் ஆஃப் சுவிட்ச் உள்ள வண்டி என்றால், அதைப் பிள்ளைகள் தட்டிவிட்டிருக்கிறார்களா? சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளும் உண்டு. ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும்.

அடுத்து சாவியைப் போட்டு ஹாரன் அடியுங்கள், இண்டிகேட்டர் போடுங்கள். ஹாரன் முனகினாலோ, லைட் மங்கலாக எரிந்தாலோ, செல்ஃப் போடும்போது "கட கட" என்று மட்டும் சத்தம் வந்தாலோ பேட்டரி சார்ஜ் இறங்கியிருக்கும். ஃபியூஸ் காரணம் இல்லை. மற்றதெல்லாம் எரிந்து ஒரு பல்பு மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் அந்தப் பல்புதான் போயிருக்கும். ஹாரன், இண்டிகேட்டர், செல்ஃப் எல்லாமே ஒரே நேரத்தில் செத்துப்போனால் அப்போது ஃபியூஸைச் சந்தேகப்படுங்கள்.

இதில் பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகள் பலவற்றில் ஃபியூஸ் போனாலும் கிக்கரை உதைத்தால் இஞ்சின் ஓடும். ஹாரனும் இண்டிகேட்டரும்தான் வேலை செய்யாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலை இஞ்சினுக்குள் அனுப்புவதே மின்சார பம்ப்பும் ஒரு சின்ன கம்ப்யூட்டரும்தான். அதனால் மெயின் ஃபியூஸ் போனால் வண்டி மொத்தமாக நின்றுவிடும். பேட்டரியே இல்லாத பழைய மொபெட் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது.

ஃபியூஸ் எங்கே இருக்கும்?

இரண்டு விஷயம் மனசில் வையுங்கள். ஒன்று, மெயின் ஃபியூஸ் பெரும்பாலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு, சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டு போனால் அங்கே போய்ச் சேரலாம்.

பைக் என்றால் சீட்டுக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கும் சைடு கவருக்குள் பாருங்கள். ஸ்கூட்டர் என்றால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீட்டுக்கு அடியில் இருக்கலாம், கால் வைக்கும் பலகைக்கு அடியில் இருக்கலாம், முன்பக்க மூடிக்குள் இருக்கலாம். வண்டி வாங்கும்போது ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்களே, அதில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருப்பீர்கள், எடுத்துப் பாருங்கள்.

பேட்டரியின் சிவப்பு ஒயரை ஒட்டி, தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி தெரியும். மூடியைத் திறந்தால் இரண்டு கால் வைத்த சின்ன வண்ணத் துண்டு இருக்கும். அதுதான் ஃபியூஸ். சில வண்டிகளில் ஒன்று, சிலவற்றில் மூன்று நான்கு கூட இருக்கும். பழைய வண்டிகளில் கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும். பல வண்டிகளில் அந்தப் பெட்டியிலேயே ஒரு மாற்று ஃபியூஸும் வைத்திருப்பார்கள். என் வண்டியிலும் இருந்திருக்கிறது. அன்று இருட்டில் என் சீட்டுக்கு அடியிலேயே மருந்து இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

எப்படிச் சரி பார்ப்பது?

1. வண்டியை ரோட்டை விட்டு இறக்கி சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சாவியை ஆஃப் செய்து கையில் எடுத்துவிடுங்கள்.

2. தங்க வளையல், உலோக வளையல், மோதிரம் இருந்தால் கழற்றுங்கள். பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் உலோகம் பட்டால் பொறி பறக்கும், கை சுட்டுவிடும். ஸ்பேனர் வைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். கழுத்துச் செயினையும் முந்தானையையும் சொருகிக்கொள்ளுங்கள்.

3. ஃபியூஸை நேராகப் பிடித்து இழுங்கள். ஆட்டித் திருகக் கூடாது. எந்தக் குழியில் எது இருந்தது என்று ஞாபகம் வைக்க, எடுப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். நடுவில் கம்பி மாதிரி வளைந்த உலோகம் முழுசாக இருந்தால் நல்ல ஃபியூஸ். அறுந்திருந்தால், கருகியிருந்தால் போய்விட்டது.

5. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். பேட்டரிக் கட்டை, டார்ச் பல்பு, இரண்டு துண்டு ஒயர் போதும். பல்பு எரியும்படி இணைத்து, நடுவில் ஒயரை வெட்டி அந்த இடத்தில் ஃபியூஸின் இரண்டு காலையும் தொட வையுங்கள். பல்பு எரிந்தால் ஃபியூஸ் நல்லது. எட்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பெண் பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் செய்து தருவாள்.

6. ஃபியூஸ் நன்றாக இருந்தும் வண்டி செத்துக் கிடந்தால், ஃபியூஸ் உட்காரும் குழியைப் பாருங்கள். மழைத் தண்ணீர் போய்ப் பச்சை பிடித்திருக்கும், அல்லது குண்டு குழி ரோட்டில் ஆடி ஆடித் தளர்ந்திருக்கும். காய்ந்த துணியால் ஃபியூஸின் காலைத் துடைத்து மறுபடி அழுத்தி வையுங்கள். சில நேரம் அதுவே போதும்.

அதே நம்பர், அதே நிறம்

ஃபியூஸின் தலையில் ஒரு நம்பர் இருக்கும். எத்தனை ஆம்ப் என்று அர்த்தம். எழுத்து சின்னதாக இருப்பதால் நிறமும் வைத்திருக்கிறார்கள். 7.5 என்றால் காப்பி நிறம். 10 சிவப்பு. 15 நீலம். 20 மஞ்சள். 30 பச்சை. போனது சிவப்பு என்றால் புதுசும் சிவப்புதான். "15 போட்டா தாங்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஃபியூஸ் தாங்கும், ஒயர் தாங்காது.

இதில் ஒரு சின்னக் கணக்கு. குழுக் கணக்கு எழுதும் நமக்கு இது கஷ்டம் இல்லை. பேட்டரி 12 வோல்ட். வாட்டை 12ஆல் வகுத்தால் ஆம்ப் வரும். 35 வாட் பல்பு கிட்டத்தட்ட 3 ஆம்ப் எடுக்கும். அழகுக்கு என்று 55 வாட் விளக்கு இரண்டு முன்னால் மாட்டினால், அது மட்டும் 110 வாட், 9 ஆம்ப்புக்கு மேல். 10 ஆம்ப் ஃபியூஸ் எப்படித் தாங்கும்? வரவு 10, செலவு 12 என்றால் குடும்பம் என்ன ஆகுமோ அதுதான். பையன் ஆசைப்பட்டான் என்று பெரிய ஹாரன், கூடுதல் விளக்கு மாட்டிய வண்டியில் அடிக்கடி ஃபியூஸ் போனால் காரணம் இதுவாக இருக்கலாம்.

புது ஃபியூஸ் போட்டவுடன் வண்டி ஓடி, பிறகு பிரச்சினை வரவில்லை என்றால் சரி. போட்டவுடனே மறுபடி போனால் நிறுத்திவிடுங்கள். மூன்றாவது ஃபியூஸ் போடாதீர்கள். எங்கோ ஒயர் உரசுகிறது. பல நேரம் ஹேண்டில்பாருக்குக் கீழே, வளைத்து வளைத்துத் தேய்ந்த இடத்தில் இருக்கும். அது மெக்கானிக் வேலை. அவரிடம் போகும்போது "வண்டி ஓடல" என்று சொல்லாதீர்கள். "10 ஆம்ப் ஃபியூஸ் இரண்டு தடவை போச்சு, எங்க ஷார்ட் ஆகுதுன்னு பாருங்க, பழைய ஒயரை எனக்குக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். பேச்சே மாறும், பில்லும் மாறும்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

ஒரு பெரியம்மா கேட்டார்: "ஏம்மா, தொட்டா ஷாக் அடிக்காதா?"

நல்ல கேள்வி. வண்டிப் பேட்டரி 12 வோல்ட்தான். காய்ந்த கையில் ஷாக் அடிக்காது. பொறிக்கும் சூட்டுக்கும்தான் பயப்பட வேண்டும். ஆனால் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், உயிரை எடுக்கும். வண்டி ஃபியூஸைத் தொட்ட தைரியத்தில் வீட்டு ஃபியூஸ் கட்டையைத் தொடாதீர்கள். வண்டியிலும் இஞ்சின் ஓடும்போது ஸ்பார்க் பிளக் ஒயரைத் தொடக் கூடாது. அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் போகும். கரண்டில் ஓடும் புது பேட்டரி ஸ்கூட்டரின் பெரிய பேட்டரியையும் திறக்க வேண்டாம். அதை ஷோரூமில்தான் பார்க்க வேண்டும்.

தங்கை ஒருத்தி கேட்டாள்: "ரோட்டுல வண்டியைக் கழட்டிகிட்டு உட்கார்ந்தா ஆம்பளைங்க சிரிப்பாங்களே மேடம்?"

சிரிக்கட்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அப்போது சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் அவர் ஏற்பாடு செய்தார். அவர்களைப் பார்த்தும் சிரித்தார்கள், கேலி பேசினார்கள். குவாரியில் வேலை பார்த்த பெண்களும், பூ விற்ற பெண்களும் அதைக் காதில் வாங்காமல் ஓட்டினார்கள். இன்று பெண் சைக்கிள் ஓட்டினால் யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா?

2018 பிப்ரவரியில் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தபோது, வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தது. அதற்காகவே எட்டுப் போடக் கற்று லைசென்ஸ் எடுத்தவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். அந்தத் திட்டம் பிறகு நின்றுவிட்டது. கற்றுக்கொண்ட ஓட்டம் நிற்கவில்லை. ஆனால் ஓட்டக் கற்ற நாம் வண்டியின் மூடியைத் திறக்கக் கற்கவில்லை. மூடிக்குள்ளே இருப்பது ஆம்பளை சமாச்சாரம் என்று நாமே விட்டுவிட்டோம். பாதி வண்டிதான் நம் கையில் இருக்கிறது. மீதிப் பாதியையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று நாம் எடுத்த முடிவு

பேச்சு முடிந்ததும் எல்லோரும் வாசலுக்குப் போனோம். டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று பதினோரு வண்டியிலும் ஃபியூஸைத் தேடினோம். ஒன்பதில் கண்டுபிடித்தோம். இரண்டு வண்டிக்கு ஸ்குரூ டிரைவர் இல்லை. ஒரு வண்டியில் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. அந்த அக்காவுக்கே தெரியாது. அன்றைக்கே கழற்றி, சரியான ஃபியூஸ் வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறோம்.

ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டியது:

அடுத்த வாரக் கூட்டத்தில் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தன் வண்டியின் ஃபியூஸ் இடத்தைக் காட்ட வேண்டும். நம்பரையும் நிறத்தையும் எழுதி ஆர்.சி. வைத்திருக்கும் கவரில் வைக்க வேண்டும். அதே நம்பரில் இரண்டு ஃபியூஸ், ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர், ஒரு டார்ச் வண்டியில் எப்போதும் இருக்க வேண்டும். செலவு நூறு ரூபாய்க்குள்தான் ஆகும். யார் வண்டியிலாவது கம்பியோ வெள்ளித் தாளோ இருந்தால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

பால் ஊற்றும் அக்கா இன்றும் வந்திருந்தார். கிளம்பும்போது தன் சீட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பிளாஸ்டிக் டப்பாவில் சிவப்பு ஃபியூஸ் நாலு இருந்தது. "ரெண்டு எனக்கு, ரெண்டு ரோட்டுல நிக்கிற எவளுக்காச்சும்" என்றார்.